கம்பு தொடாத வீடு

அடுப்பு மேடையின் ஓரத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. நேற்று மாலை கொண்டுவந்து வைத்தேன், இன்னும் மூடியைத் திறக்கவில்லை. உள்ளே கம்பங்கூழ். மாசி வெயிலுக்கு அது புளித்து, அடுக்களைக்குள் நுழையும்போதெல்லாம் வாடை மூக்கில் ஏறுகிறது. வேறு நாளாக இருந்தால் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு எப்போதோ குடித்து முடித்திருப்பேன். கம்பு என்றால் எனக்கு உயிர். சங்கரன்கோவில் கோர்ட்டில் வேலை பார்த்த காலம் பூராவும் இதே தூக்கில்தான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவேன், வாரத்தில் பாதி நாள் கம்பஞ்சோறு. பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே எங்கள் வயலில் விளைந்த கம்பு அறுவடை முடிந்ததும் மூட்டையாக வந்து இறங்கும். இப்போதும் தம்பி அனுப்புகிறான்.

கோர்ட்டில் அந்தத் தூக்கைக் கம்போடு நான் திறந்தால் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போவார். அவர் எங்கள் சிரஸ்தார். கோர்ட்டில் நீதிபதிக்கு அடுத்தபடியாக ஆபீஸ் முழுவதையும் மேய்க்கிற பெரிய குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நகல் பிரிவில் தட்டச்சு. சிரஸ்தார் ஆள் ஒல்லி, வெள்ளை வெளேர் என்று சட்டை, காதோரம் எப்போதும் ஓர் அத்தர் வாசம். வீட்டில் உருது பேசுகிற குடும்பம். பக்கத்துக் கடையநல்லூர் முஸ்லிம்கள் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுக்கே இவர் வீட்டுப் பேச்சு பாதிதான் புரியும். வேலூர்ப் பக்கத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார் என்று சொன்னார்கள். சங்கரன்கோவிலுக்கு யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்களா என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

இத்தனைக்கும் அவர் கர்வக்காரர் இல்லை. ஜப்திக்குப் போகிற கோர்ட் அமீனா வீட்டு இட்லியைச் சாப்பிடுவார், என் மோர்க்குழம்பை இரண்டு கரண்டி கூடக் கேட்பார், அவர் வீட்டிலிருந்து வரும் சேமியாவை எல்லோருக்கும் பங்கு வைப்பார். கம்பைக் கண்டால் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார். நவாப் வீட்டுப் பிள்ளை, கம்பு எப்படி இறங்கும் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் எல்லோர் முன்னிலும் கேட்டேவிட்டேன். "ஏன் சார், எங்க ஊர்க் கம்பு உங்க தொண்டையில குத்துமா?" அவர் சிரிக்கவில்லை. "குத்தும்மா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது, எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

தன் குடும்பத்தைப் பற்றி அவரே கிண்டலாகத்தான் பேசுவார். வக்கீல், அமீனா, ஜாமீன், ஜப்தி, தஸ்தாவேஜு, கடைசியில் சிரஸ்தார் என்று ஒவ்வொரு வார்த்தையாக விரல் விட்டு எண்ணி, "எங்க பாட்டன்மாரு டில்லியில இருந்து கொண்டாந்த சொத்துல இந்த ஆபீஸ்ல மிச்சம் கெடக்குறது இதுகதாம்மா" என்பார். அவர் மகள் கல்யாணம் வரைக்கும் அதை நான் வெறும் கேலி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் சங்கரன்கோவில் மண்டபத்திலேயே நடந்தது. நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று. வேலூரிலிருந்து வந்திருந்த அவருடைய அத்தை, பழுத்த கிழவி, ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரு ராகம், உருதில். சிரஸ்தார் எங்கள் வரிசைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவர் டில்லி பாதுஷாவின் திவான், நாட்டு வருமானம் முழுக்க அவர் கையில். ஒருவர் படைக்கு எல்லாம் சம்பளம் போடுகிற பக்ஷி என்கிற அதிகாரி. ஒருவர் பகலில் பாரசீகத்தில் அரசாங்கக் கட்டளை எழுதுவாராம், மாலையானால் உருதில் கவிதை. கட்டளையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, கவிதையைத் தெருவில் வண்டிக்காரன்கூடச் சொல்வானாம். ஒரு பாட்டி எழுதியதை அவர் புருஷன் தன் பெயரில் அரண்மனையில் வாசித்துப் பட்டுச் சால்வை வாங்கிவந்தாராம், அந்தச் சால்வையைப் பாட்டி கடைசி வரை போர்த்திக்கொள்ளவில்லையாம். "நீங்க கவிதை எழுதுவீங்களா சார்?" என்று கேட்டேன். "நான் ஜப்தி வாரண்டுதான் எழுதுதேன்" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டிலும் கல்யாணப் பேச்சு என்று உட்கார்ந்தால் அப்பா முதலில் எடுப்பது எங்கள் மானியத்தைத்தான். கிணற்றோடு கூடிய நல்ல கரிசல். "நவாப்போட அதிகாரியே எங்க பாட்டனாருக்குக் கையால எடுத்துக் குடுத்த நெலம்லா" என்று தொடங்கினால், மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். பெரிய இடத்து மனிதர்களுக்கு நடுவில் நானும் ஒரு பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிழவி கடைசியில் நிறுத்தி, தண்ணீர் குடித்தார். உடனே பெண்கள் எல்லோரும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு எழுந்து நின்றார்கள், ஆண்களும் எழுந்தார்கள். மணப்பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தார்கள். அவள் ஒரு கவிதையைச் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது, மறுபடி எடுத்துச் சொன்னாள். சிரஸ்தார் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டார். என்ன சார் என்று திரும்பிப் பார்த்தேன். "இது எங்க வீட்டு விஷயம்மா" என்றார். ஏதோ துவா என்று நினைத்துக்கொண்டு பிரியாணிக்குப் போனோம்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் என் மேஜைக்கு வந்து நின்றார். சிரஸ்தார் கூப்பிட்டால்தான் நாங்கள் போவோம், அவர் வந்து நிற்பது வழக்கமில்லை. "ஏம்மா, உங்க ஊருக்கு ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, போகும்போது சொல்லுகிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் மடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே விதைக்கம்பு.

பஸ் ஊரைத் தாண்டிக் கரிசலுக்குள் போன பிறகுதான் பேசினார். டில்லியிலிருந்து படையோடு தெற்கே வந்து ஆற்காட்டில் தங்கிய கிளை அவர்களுடையது. அந்தக் கிளையில் ஒருவர் நவாப்புக்காக இந்தச் சீமையில் வரி தண்ட வந்த அதிகாரி. மழை இல்லாத ஒரு வருஷம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். விளைந்ததை எல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இன்னும் பாக்கி இருக்கிறது என்று மேலேயிருந்து உத்தரவு. ஜனங்கள் அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த கம்பை மண்ணுக்குள் குழி தோண்டிப் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குழிகளைத் தோண்டி விதையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறு வருஷம் மழை பெய்தது, விதைக்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது தெருவே காலியாகக் கிடந்ததாம். அந்த மனிதர் அதற்கப்புறம் உத்தியோகம் பார்க்கவில்லை. ஒரே ஒரு கவிதை எழுதினார். குடும்பப் பெருமையை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கல்யாணத்திலும், மவுத் என்கிற சாவிலும் அதைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. 'விளைச்சலை எடுத்தவன் திருடன், விதையை எடுத்தவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என் பிள்ளைகளே, அந்த மண்ணின் தானியத்தை அந்த மண்ணின் மனிதரிடம் மன்னிப்புக் கேட்காமல் தொடாதீர்கள். குழிகளை எனக்குக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கிணறும் நிலமும் கொடுத்தேன். அவன் பாவத்தை நான் சுமக்க முடியாது, அவன் பிள்ளைகள் சுமக்கட்டும்.' சொல்லிவிட்டு, "எங்க அப்பாவுக்கும் வரத் தைரியம் இல்ல. நானும் இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிற ஊருக்குப் போகாமலே இருந்துட்டேம்மா. இன்னைக்கு உங்க அப்பா சரின்னு சொல்லிட்டா, அங்கனயே ஒரு வாய் கம்பு வாங்கித் தின்னுட்டு வருவேன்" என்றார்.

கிணறும் நிலமும் என்று அவர் சொன்னபோதே அப்பா சொல்லும் மானியம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊரில் ஒரு கிணறுதானா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர் நெருங்க நெருங்க எங்கள் கிணற்றடிப் புளிய மரம் தெரிந்தது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா அவரைத் தலைவாசலுக்கே வந்து வரவேற்றார். சிரஸ்தார் நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் காதில் வாங்கவே இல்லை, நவாப் என்ற வார்த்தையைத்தான் வாங்கினார். "அட, அப்ப நாம ரெண்டு பேரும் பழைய சொந்தம்லா! உங்க பாட்டனாருதான் எங்க பாட்டனாருக்குக் கெணத்தோட மானியம் குடுத்தது. இந்தா தெரியுது பாருங்க, அந்தப் புளியமரத்தடி. ஏதோ பெரிய ஒத்தாசை செஞ்சிருக்காரு, அதுக்குக் குடுத்தது. ஊருக்குள்ள அத்தனை பேர் இருக்க எங்க பாட்டனாருக்கு மட்டும் ஏன் குடுக்கணும்?" என்று சிரித்தார். சிரஸ்தார் புளிய மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதெல்லாம் மன்னிச்சாச்சு, உக்காருங்க சார்" என்று அப்பா சொல்ல, அம்மா வெண்கலக் கும்பாவில் கம்பங்கூழைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்தார், உதடு வரை கொண்டுபோகவில்லை. "வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்று கீழே வைத்தார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நாங்கள் கிளம்பி வாசல் தாண்டுவதற்குள், நவாப்புக்கு நம்ம கம்பு இறங்கல பாத்தியா என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

தெரு முனையில் அவர் நின்றார். "உங்க வயல்ல வேலை செய்றவங்க எங்க இருக்காங்கம்மா?" கீழத்தெருவில் என்றேன். "அங்கன ஒரு நடை போயிட்டு வந்துருவமா?" அவர் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே போய் அந்தக் கவிதையைச் சொன்னால் எந்த வரி வரும் என்றும் தெரியும். "பஸ் வந்துரும் சார்" என்றேன். அவர் என்கூட நடந்து வந்தார். பஸ் வரவில்லை. நிழல் இல்லாத அந்த நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம், கீழத்தெருவுக்கு ஒருதரம் அல்ல, நாலு தரம் போய்வந்திருக்கலாம். மஞ்சப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்க அப்பா நல்ல மனுசன்மா" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஓய்வுபெற்று வேலூருக்குப் போனார், போன சில வருஷங்களில் மவுத்தாகிவிட்டார். நான் போகவில்லை. மவுத்தில் அந்தக் கவிதையைச் சொல்வார்களே என்று பயம்.

போன மாதம் அவர் மகள் போன் செய்தாள். கல்யாணத்தில் குரல் உடைந்த அதே பெண், இப்போது அவளுக்கே கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது. சர்க்கரை வந்துவிட்டதாம். டாக்டர் அரிசியைக் குறைத்துக் கம்பு சாப்பிடச் சொன்னாராம். "ஊர்ல எல்லாரும் கம்பு, கம்புன்னு அலையுதாங்க ஆன்ட்டி, எங்க வீட்ல மட்டும் தொடக்கூடாது. அப்பா உங்ககூட உங்க ஊருக்கு வந்தாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. மன்னிப்புக் கிடைச்சுதா? நான் சாப்பிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா தவறினப்புறம் பீரோவ ஒழிச்சேன். ஒரு மஞ்சப்பை இருந்துச்சு. உள்ள பூராவும் வண்டு அரிச்ச கம்பு. அப்பா அதைக் குடுக்கலையா ஆன்ட்டி?"

கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்று ராத்திரியே கம்பு தின்றிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. "உங்க அப்பா கேக்கத்தாம்மா வந்தாங்க. கேக்க வேண்டிய எடத்துக்கு நான் கூட்டிட்டுப் போகல. நீ வா, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஏன் கூட்டிப்போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

நேற்று வந்தாள். புதிதாக வாங்கிய விதைக்கம்பை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியில் சாப்பிட இந்தத் தூக்கில் தயிர்ச்சோறு எடுத்துக்கொண்டேன். இந்தமுறை, அப்பா காலத்துக்கு அப்புறம் தம்பி இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கீழத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வயல்களில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போடுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் மகனும் மருமகளும் எங்கள் வயலில்தான் வேலை செய்கிறார்கள். வேப்ப மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்று முதலில் உருதில் சொன்னாள். பிறகு தமிழில். ஒரு வரியையும் விடவில்லை. குழிகளைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கிணறும் நிலமும் என்ற வரி வந்தபோது நான் பெரியவரைப் பார்க்கவில்லை, ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தேன்.

பெரியவர் கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "தெரு அழிஞ்ச கதை எங்களுக்குத் தெரியும் தாயி. தப்பிச்சுப் போயி திரும்பி வந்த ஒத்தக் குடும்பத்துப் பிள்ளைகதான் நாங்க எல்லாம். எடுத்தவன் வீட்ல இதை இத்தனை தலைமுறையா சொல்லிச் சொல்லி அழுதிருக்கீகன்னு இப்பத்தான் கேக்கேன்" என்றார். மருமகளைக் கூப்பிட்டுத் தானியம் புடைக்கிற சொளகைக் கொண்டுவரச் சொன்னார். சிரஸ்தாரின் மகள் கொண்டுவந்த விதையை அதில் கொட்டச் சொல்லி, ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னிச்சாச்சு தாயி. நீ நல்லா தின்னு, உம் பிள்ளைகளுக்கும் குடு." மருமகள் ஒரு சொம்பில் கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்தாள். சிரஸ்தாரின் மகள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பழக்கமில்லாமல் தொண்டையில் அடைத்தது, இருமினாள், சிரித்தாள், அழுதாள். "அப்பா குடிச்சிருக்கணும் ஆன்ட்டி" என்றாள். அந்த இடத்தில் நான் அப்படியே பூமிக்குள் போயிருக்கலாம்.

பெரியவர் சொளகிலிருந்த கம்பை விரலால் கிளறிக்கொண்டே, "குழியைக் காட்டுன வீட்டு ஆளுகளும் ஒருநா வந்து நிப்பாங்கன்னு எங்கய்யா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவுகதான் வரக்காணோம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், "நீங்க என்னம்மா நின்னுக்கிட்டே இருக்கீக? நீங்களும் குடிங்க. உங்க வயக்காட்டுக் கம்புதான்" என்றார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாமல் சொன்னாரா என்று அந்த முகத்தில் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் அந்த வீடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொம்பை வாங்கவும் கை நீளவில்லை. காலியாகிவிட்ட தூக்கைத் திறந்து நீட்டி, "இதுல ஊத்தச் சொல்லுங்கய்யா, வீட்ல போய்க் குடிச்சுக்கிடுதேன்" என்றேன். அந்தப் பிள்ளை கேட்டு வாங்கிய ஒரு சொல்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவைக்கவும் யாரும் இல்லை. திவான்களும் கவிஞர்களும் இருந்த குடும்பம் தன் கேவலத்தை மனப்பாடம் செய்து கல்யாணப் பந்தலில் சொன்னது. நாங்கள் அதே பாவத்துக்கு வாங்கிய கூலியைப் பெருமை என்று சொல்லிக் கல்யாணம் பேசினோம். என் கல்யாணமும் அந்த மானியத்தைச் சொல்லிப் பேசியதுதான்.

இன்று மத்தியானம் அவள் வேலூர் போய்ச் சேர்ந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் கம்பஞ்சோறு, சுற்றிலும் பிள்ளைகள், சுவரில் சிரஸ்தாரின் படம். 'நீங்க குடிச்சீங்களா ஆன்ட்டி?' என்று கீழே கேட்டிருந்தாள். பதில் அனுப்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டான். இந்த வருஷக் கம்பு நல்லா விளைஞ்சிருக்கு, மூட்டையை நாளைக்குப் போட்டுவிடட்டுமா என்றான். வேண்டாம்டா, இனிமேல் எனக்கு அனுப்பாதே என்றேன்.

"ஏன்க்கா?" என்றான்.

மேடையில் தூக்கு அப்படியே இருந்தது. கூழ் பொங்கி, மூடியின் ஓரத்தில் நுரை கசிந்திருந்தது.

"கையில சோலி எதுவும் இருந்தா வச்சிட்டு உக்காரு" என்றேன். "சொல்லுதேன்."